சந்தைச் சளி

பிப்ரவரி 6, திங்கள்

இது போன வருசத்து டைரி. மருந்துக்கடைக்காரர் சும்மா கொடுத்தது. இன்றைய பக்கத்தில் ஞாயிறு என்று அச்சடித்திருக்கிறார்கள். அதை அடித்துவிட்டு மேலே திங்கள் என்று எழுதினேன். இனி தினமும் ஒரு கிழமையை அடிக்க வேண்டும். பரவாயில்லை, பேனா ஓடுகிறதா என்று பார்த்த மாதிரியும் ஆச்சு.

எழுதச் சொன்னவன் என் அக்கா மகன் தரணி. டாக்டர் இல்லை, டாக்டர்கள் எழுதியதைப் படித்துச் சரிபார்க்கிற வேலை. தை பிறந்ததும் இங்கே ஒரு கல்யாணத்துக்கு வந்தவன், பைக்கைக் கொண்டுபோய் எருமை மேல் விட்டான். எருமைக்கு ஒன்றுமில்லை. இவனுக்குக் கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. அக்கா வீடு கோயமுத்தூரில் மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. அதனால் மாவுக்கட்டோடு என் வீட்டு முன்னறைக் கட்டிலில் கிடக்கிறான். மடியில் லேப்டாப், காதில் கருவி.

அந்த எருமையைப் பற்றி இரண்டு வார்த்தை. அது சாதாரண எருமை இல்லை. அதன் தாய் ஒரு தடவை பஞ்சாயத்து போர்டு ஜீப்பையே மறித்துக்கொண்டு அசையாமல் நின்றது. உள்ளே இருந்த அதிகாரி இறங்கிக் கும்பிட்ட பிறகுதான் வழிவிட்டது. இதைத்தான் இன்று காலை தரணிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் காதிலிருந்து கருவியைக் கழற்றினான்.

"மாமா, நான் ஒரு வரி படிக்கறதுக்குள்ள நீங்க மூணு கதை சொல்லிப்போடறீங்க. இந்தாங்க டைரி. பேசறதையெல்லாம் இதுகிட்டப் பேசுங்க."

"இது 'ம்' கொட்டாதே மாப்ளே?"

"எந்திரிச்சும் ஓடாதுங்க."

என் வீட்டுக்காரி பாவாத்தாள் அடுப்படியிலிருந்து, "சாமி, நீ நல்லா இருப்ப. என்ற காதுக்கு இன்னிக்குத்தான் லீவு உட்டிருக்கற" என்றாள்.

எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. வயசான பிறகு அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்தேன். எழுதினால் கொஞ்சம் கோணும். மாரப்பன் என்று கையெழுத்துப் போட்டால் கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி இறங்கிவிடும்.

பொழுது சாய்ந்ததும் கோயில் களத்தில் கும்மிப் பழக்கம். அடுத்த மாதம் பதினாறாம் தேதி, மாரியம்மன் நோன்பி மஞ்சள் நீராட்டன்று அரங்கேற்றம். நான்தான் பாட்டுக்காரன். கதை சொல்லி, பாட்டெடுத்து, ஆடுகிறவர்களுக்கு அடி மாற்றிக் கொடுப்பது என் பொறுப்பு. நானே கட்டிய ஒரு அடி இருக்கிறது. ஊத்துக்கிணற்றில் தொடங்கி, ரெட்டைக்கிணறு, புளியமரத்துக் கிணறு, பூசாரி கிணறு, கல்லுக்கட்டுக் கிணறு, ஆமைக்கிணறு என்று ஊரிலுள்ள கிணறுகளையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி, சக்கரைக் கிணற்றில் போய் முடிக்க வேண்டும். முடிக்கிற இடத்தில் எல்லோரும் கை தட்டித் திரும்புவார்கள். நடுவில் மூச்சு விட்டால் ஆடுகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்வார்கள்.

இன்று சக்கரைக் கிணற்றைத் தாண்டியும் மூச்சு மிச்சம் இருந்தது.

பிப்ரவரி 7, செவ்வாய்

தரணியின் வேலை என்ன என்று இன்றுதான் புரிந்தது. இவன் ஆராய்ச்சி செய்வதில்லை. ஊர் ஊராகப் பலபேர் செய்து எழுதிவைத்த ஆராய்ச்சிகளையெல்லாம் தேடிப் பிடித்து, எது நம்பத் தக்கது, எது வெறும் பேச்சு என்று பிரித்து, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முடிவு சொல்கிறான். இவன் தனியாகச் சொன்னால் செல்லாது. சென்னையில் நஸ்ரின் என்று ஒரு பெண் அதே ஆராய்ச்சிக் கட்டைப் படிக்கிறாள். இருவரும் பேசிக்கொள்ளாமல் படித்து மார்க் போட வேண்டும். மார்க் ஒத்துவராவிட்டால் புரொபசரிடம் பஞ்சாயத்து.

"இது பொண்ணு வீட்டைப் பத்தி விசாரிக்கற மாதிரியில்ல இருக்குது?" என்றேன்.

"எப்படிங்க மாமா?"

சொன்னேன். பாவாத்தாளைப் பார்க்கப் போகுமுன் எங்கள் அப்பன் நாலு பேரிடம் விசாரித்தார். நாலு பேரும் சொல்லிவைத்த மாதிரி, "பொண்ணு தங்கம், வாய் மட்டும் சித்தெ நீளம்" என்றார்கள். பின்னால்தான் தெரிந்தது, நாலு பேரும் ஒரே டீக்கடையில் ஒரே ஆள் சொன்னதைக் கேட்டு வந்தவர்கள்.

தரணி படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். "அதேதாங்க! ஒரே ஆராய்ச்சியை வேற வேற பேர்ல நாலு தடவை போட்டிருப்பாங்க. தெரியாம எண்ணுனா நாலு சாட்சி ஆயிரும்."

பாவாத்தாள் கரண்டியோடு வந்து நின்றாள். "அந்த ஒரு ஆளு யாருன்னு கேளு சாமி."

"யாருங்கத்தை?"

"என்ற தாய்மாமன். அவரு பையனுக்கு என்னையக் கேட்டு, எங்கப்பன் தரமாட்டேன்னுட்டாரு."

தரணி கட்டுக்கால் ஆடும்படி சிரித்தான். ஆராய்ச்சியிலும் பணம் கொடுத்தது யார், சொன்னவனுக்கு அதில் என்ன காரியம் என்று பார்ப்பார்களாம். எங்கள் அப்பன் அதை முதலில் பார்க்கவில்லை, பின்னால்தான் தெரிந்துகொண்டார். வாய் நீளம் என்றதைத் தாய்மாமன் பொறாமையில் சொன்னதாக எடுத்துக்கொண்டார். அது ஒன்றுதான் அந்த ஆள் சொன்ன உண்மை.

இப்போது இவன் பார்ப்பது என்ன கட்டு என்று கேட்டேன். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்தெடுக்கும் அரவை மில்லில் வேலை செய்கிறவர்களுக்குப் பஞ்சுத் தூசியால் நெஞ்சுக் கோளாறு வருகிறதா, இல்லையா. இவர்கள் சொல்வதை வைத்து ஒரு கமிட்டி, அரவை மில்காரர்களுக்கு வருசா வருசம் நெஞ்சுப் பரிசோதனை வேண்டுமா என்று முடிவு செய்யுமாம்.

"இதுக்கு எதுக்கு மாப்ளே லேப்டாப்பு? நான் இத்தனை வருசமா அரவை மிசின்ல பருத்தி தள்ளீட்டு இருக்கறேன். ஒண்ணும் வராதுன்னு எழுதிக்கோ."

"நீங்க சொல்றதை எழுத முடியாதுங்க மாமா."

"ஏனாம்?"

"நீங்க ஒரு ஆளுங்க."

பிப்ரவரி 8, புதன்

மில் லீவு. சந்தை. சர்பத், மிளகாய் பஜ்ஜி. டைலர் வையாபுரி ஒரே மடக்கில் மூன்று சர்பத் குடித்தான். தொண்டையா, வாய்க்காலா தெரியவில்லை.

பிப்ரவரி 9, வியாழன்

சந்தைச் சளி. எங்கள் மில்லில் எல்லோருக்கும் உள்ளதுதான். புதன்கிழமை சந்தையில் ஐஸ் சர்பத்தும் எண்ணெய்ப் பலகாரமும் போட்டால் வியாழக்கிழமை நெஞ்சு கட்டிக்கொள்ளும். மேலே யாரோ நெல் மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமை இறங்கிவிடும். இதற்கு மருந்து சுக்குத் தண்ணீர்.

பூசாரி கிணறு வரை பாடினேன். அங்கே இருமல் வந்துவிட்டது. ஆடுகிறவர்கள் இடித்துக்கொண்டார்கள்.

வையாபுரி, "என்னுங்கண்ணா, பூசாரி கிணத்துல தண்ணியில்லீங்களா? நின்னுட்டீங்க?" என்றான். இவன் போன வருசம்தான் கும்மிக்கு வந்தவன். நல்ல குரல். அதைச் சொல்லக்கூடாது, ஏற்கெனவே தலை பெருத்திருக்கிறது.

மைக் சரியில்லை.

பிப்ரவரி 11, சனி

இன்று தரணிக்கும் நஸ்ரினுக்கும் போனில் சண்டை. ஸ்பீக்கரில் போட்டிருந்தான். அந்தப் பெண்ணின் குரல் கணீரென்று இருக்கிறது. கும்மியில் சேர்க்கலாம்.

நம் கொங்குப் பக்கத்து அரவை மில்களில் நடந்த ஆராய்ச்சி நாலு கிடைத்திருக்கிறது. மூன்றில், தொழிலாளர் நெஞ்சுக்கு ஒன்றுமே இல்லை. நாலாவதில், பாதிப் பேருக்கு மேல் நெஞ்சு இறுக்கம். இந்த நாலாவதுதான் சண்டைக்குக் காரணம்.

"தரணி, அதுக்கு எப்படி நல்ல மார்க் போடறது? திங்கட்கிழமை சோதிக்கணும்னு நாமளே விதி எழுதியிருக்கோம். இவங்க வேன் ரிப்பேர் ஆகி வியாழக்கிழமை போய் எடுத்திருக்காங்க. அவங்களே எழுதியிருக்காங்க."

"மத்ததெல்லாம் ஒழுங்காத்தான் பண்ணியிருக்காங்க நஸ்ரின்."

"விதின்னா விதி. நீ மாமா வீட்டுச் சாப்பாட்டுல இளகிட்ட."

கடைசியில் இவனும் ஒத்துக்கொண்டான். மூன்று ஆராய்ச்சிக்கும் நல்ல மார்க், நாலாவதைக் கூட்டிப் பார்க்கும் கணக்கிலிருந்தே ஓரம்கட்டியாகிவிட்டது.

நான் சும்மா இருப்பேனா? அந்த மூன்றில் ஒன்று எங்கள் மில்லில் நடந்தது. பேர் போடாவிட்டாலும் எனக்குத் தெரியாதா? வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் ஒரு குழாயைக் கையில் கொடுத்து, "ஐயா, மூச்சை இழுத்து ஒரே ஊதா ஊதுங்க" என்றாள். ஊதினேன் பாருங்கள், முள் அந்தக் கடைசிக்குப் போய்விட்டது. "சூப்பர் ஐயா!" என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் அர்ச்சுனன்கூட. அந்த ஆள் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்து பார்த்தவர் இல்லை; அன்றைக்கு, "மாரப்பன் ஊதினா டிராக்டர் டியூப்பே ரொம்பிரும்" என்றார்.

"அன்னிக்கு என்ன கெழமைங்க மாமா?"

"திங்கக்கெழமை. ஏன்?"

"சரியாப்போச்சு. அதுதான் விதி." என்று டிக் போட்டுக்கொண்டான்.

இவனுடைய ஆராய்ச்சிக் கட்டுக்குள் என் மூச்சும் இருக்கிறது என்று நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. பாவாத்தாளிடம் சொன்னேன். "அந்த மூச்சுக்கு நாலு வெறகு ஊதிக் குடுங்க" என்றாள்.

பிப்ரவரி 13, திங்கள்

எல்லாக் கிணறும். மிச்சம் வைத்துப் பாடினேன். மைக் சரி பண்ணிவிட்டார்கள்.

பிப்ரவரி 16, வியாழன்

பழக்கத்துக்குப் போகவில்லை. வேலை இருந்தது.

பிப்ரவரி 17, வெள்ளி

என்ன வேலை என்று வையாபுரி வீட்டுக்கே வந்து கேட்டான். எருமை காணாமல் போய்த் தேடினேன் என்றேன். "உங்களுக்கு ஏதுங்கண்ணா எருமை?" என்றான். பக்கத்து வீட்டு எருமை என்றேன். அது வாசலில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. அந்த எருமைக் குடும்பமே இப்படித்தான், நேரம் பார்த்துக் காலை வாரும்.

பிப்ரவரி 19, ஞாயிறு

மில்லிலிருந்து வந்ததும் தரணி படம் ஒன்று காட்டினான். நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு. குறுக்கே வரிசையாகச் சின்னச் சின்னக் கம்பிகள். ஒவ்வொரு கம்பியின் நடுவிலும் ஒரு கட்டம், காக்கை உட்கார்ந்த மாதிரி. ஒரு கம்பி ஒரு ஆராய்ச்சி. பெரிய ஆராய்ச்சி என்றால் காக்கை பெருத்திருக்கும். கம்பி நடுக்கோட்டைத் தொட்டால், ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. எல்லாக் காக்கைக்கும் கீழே ஒரு வைரம். அதுதான் தீர்ப்பு.

வைரம் நடுக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

"அப்படின்னா?"

"பஞ்சுத் தூசியால அரவை மில்லுக்காரங்களுக்குக் கோளாறு வருதுன்னு சொல்ல ஆதாரம் பத்தலைன்னு அர்த்தமுங்க."

"நான் மொத நாளே சொன்னனில்ல?"

"சொன்னீங்க." அவன் முகம் அவ்வளவு சரியாக இல்லை. "நூற்பு மில்லுல நல்லாத் தெரியுது. அதே பஞ்சு, அதே தூசி, அரவை மில்லுல மட்டும் ஏன் தெரியலைன்னுதான் மண்டை காயுது."

எனக்கு வைரத்தைப் பார்த்ததும் எங்கள் அக்காவின் மூக்குத்தி ஞாபகம் வந்துவிட்டது. அது கிணற்றில் விழுந்த கதை பெரிய கதை. தரணி கருவியைக் காதில் மாட்டிவிட்டான்.

பிப்ரவரி 22, புதன்

பாவாத்தாள் சட்டம் போட்டுவிட்டாள்: நோன்பி முடியும்வரை சந்தைப் பக்கம் கால் வைக்கக் கூடாது. சர்பத் கிடையாது, பஜ்ஜி கிடையாது. வீட்டில் உட்கார்ந்து ரசம் சோறு தின்றேன். தரணிக்குக் கறிக்குழம்பு. கட்டு என் காலில் போட்டிருக்கலாம்.

பிப்ரவரி 23, வியாழன்

சர்பத் குடிக்கவில்லை. பஜ்ஜி தின்னவில்லை. ஆனாலும் மத்தியானத்துக்குள் மூட்டை ஏறி உட்கார்ந்துவிட்டது. ரசத்தில் புளி அதிகம் என்று நினைக்கிறேன்.

பொழுதோடு பாடினேன். புளியமரத்துக் கிணற்றில் நின்றுவிட்டேன். அதற்கு மேல் இழுத்தால் விசில் மாதிரி சத்தம் வருகிறது. வையாபுரி என் கையிலிருந்து மைக்கை வாங்கி, அங்கிருந்து சக்கரைக் கிணறு வரை ஒரே இழுப்பில் பாடிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். நேற்று அவன் சந்தையில் மூன்று சர்பத் குடித்ததை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள்.

களம் எங்கள் வீட்டுக்கு எதிரேதான். வீட்டுக்கு வந்தால் தரணி கதவோரம் ஸ்டூல் போட்டுக் கட்டுக்காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"மாமா, டைலர் எந்த மில்லுல வேலை செய்யறாரு?"

"டைலருக்கு எதுக்கு மில்லு? அவனுக்குத் தையல் மிசின் இருக்குது."

"உங்க மில்லுக்கு லீவு எந்தக் கெழமைங்க?"

"சந்தைக்குத்தான் உடுவாங்க. புதன்கெழமை."

"ஞாயித்துக்கெழமை?"

"ஞாயித்துக்கெழமையும் மத்த நாளு மாதிரி வேலைதான். போன ஞாயித்துக்கெழமை நான் மில்லுல இருந்து வரதை நீ பாக்கலியா?"

"பாத்தனுங்க" என்றான் மெதுவாக. "பாத்துட்டு வைரத்தைக் காட்டுனேன்."

தட்டில் சோறு ஆறுகிறது, இவன் விட்டத்தைப் பார்க்கிறான். பாவாத்தாள், "மாப்ளைக்குக் கண்ணு பட்டிருச்சு" என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். எனக்குத்தான் நெடி ஏறியது.

பிப்ரவரி 24, வெள்ளி

இன்று நெஞ்சு பரவாயில்லை. அதனால் தரணியிடம் தைரியமாகச் சண்டை போட்டேன்.

அவன் சொல்வது இது. பஞ்சுத் தூசிக்கு ஒரு குணம் உண்டாம். தினமும் அதிலேயே நின்றால் உடம்பு கொஞ்சம் பழகிக்கொள்ளும். ஒருநாள் லீவு விட்டுத் திரும்பினால், அந்த முதல் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். மறுநாள் தணியும். பெரிய மில்களில் ஞாயிறு லீவு. அதனால் திங்கட்கிழமை சோதிக்க வேண்டும் என்று புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். இவர்களும் அப்படியே விதியாக வைத்துவிட்டார்கள்.

"உங்களுக்கு லீவு புதனுங்க மாமா. உங்களைத் திங்கக்கெழமை ஊதச் சொன்னா முள்ளு கடைசிக்குத்தான் போகும். நல்லாப் பழகுன நாளு அது."

"அப்ப நான் ஊதுனது பொய்யா?"

"ஊதுனது நெசம். நாளுதான் தப்பு."

"மாப்ளே, இது சந்தைச் சளி. ஊரே சொல்லுது."

"சந்தைக்கே போகாம வந்துச்சுங்களே? போயி மூணு சர்பத் குடிச்ச ஆளுக்கு வரலியே?"

"அவன் தொண்டை தகரம்."

"மாமா..."

"இந்த அக்கப்போரெல்லாம் மில்லுல போயிப் பேசீறாதே. நெஞ்சுங்கற பேச்சு எடுத்தா அடுத்த நாள் கேட்டுக்குள்ள உடமாட்டாங்க. போன வருசம் ஒருத்தனுக்கு அப்படித்தான் ஆச்சு."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகிறேன் என்று வெளியே வந்தேன். எங்களுக்கு மாடு கிடையாது.

பிப்ரவரி 25, சனி

நஸ்ரின் ஒத்துக்கொள்ளவில்லை.

"விடை தெரிஞ்சதுக்கு அப்புறம் விதியை மாத்தறது மோசடி தரணி. வேண்டிய பதில் வர்ற வரைக்கும் விதியைத் திருகிட்டே இருக்கலாமே. உனக்கு யார் சொன்னா இதை?"

"மாமா பாடினாரு."

"பாட்டையெல்லாம் ஆதாரமா எடுத்துக்க முடியாது" என்றாள்.

"எடுத்துக்க வேண்டாம். மாமா ஒரு ஆளு. அதையும் நான் நம்பலை. அந்த நாலு ஆராய்ச்சி பண்ணினவங்களுக்கும் கடிதம் போட்டு ஒரே ஒரு கேள்வி கேப்போம். அந்த மில்லுல வார லீவு என்னிக்கு? அவங்க ஒருத்தரும் அதை எழுதலை. நாமளும் கேக்கலை."

"கேக்கலாம்" என்றாள். நியாயமான பெண்.

இவ்வளவு நாள் நான் சொன்ன கதையெல்லாம் காற்றில் போயிற்று. பாதியில் நின்ற பாட்டுதான் சென்னை வரைக்கும் போயிருக்கிறது.

மார்ச் 2, வியாழன்

புளியமரம்.

மார்ச் 6, திங்கள்

பதில் வந்திருக்கிறது. ஒன்றுமில்லை என்று சொன்ன மூன்றில், எங்கள் மில்லுக்குப் புதன், இன்னொன்றுக்கு வெள்ளி. மூன்றாவதுக்கு, எழுதிய ஆளே ஓய்வுபெற்றுப் போய்விட்டார், தெரியவில்லை. ஓரம்கட்டிய நாலாவது, வேன் ரிப்பேரான கதை, அந்த மில்லுக்கு லீவு புதன்கிழமை. வேன் ரிப்பேரானதால்தான் சரியான நாளில் போயிருக்கிறார்கள்.

பஞ்சாயத்து புரொபசரிடம் போனது. அவர் தீர்ப்பு: விதியை மாற்றலாம், ஆனால் ஒளித்து மாற்றக்கூடாது. பழைய விதி இது, நடுவில் மாற்றினோம், காரணம் இது என்று எல்லோரும் பார்க்க எழுத வேண்டும். பழைய விதிப்படி ஒரு படம், புது விதிப்படி ஒரு படம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

புதுப் படத்தைக் காட்டினான். ஓரத்திலிருந்த காக்கை வரிசைக்கு வந்துவிட்டது. வைரம் கோட்டை விட்டு நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. ரொம்ப தூரம் இல்லை, ஒரு விரற்கடை.

"இதாலெல்லாம் ஆட்டம் முடிஞ்சிராதுங்க. காக்கை கம்மி. ஆனா 'ஒண்ணுமில்லை'ன்னு இனி ஒருத்தரும் எழுத முடியாது" என்றான்.

நான் படத்தில் என் காக்கையைத் தேடினேன். 'திங்கட்கிழமை, லீவுக்கு மறுநாள் இல்லை' என்று எழுதி மார்க்கைக் குறைத்திருந்தான். சூப்பர் ஐயாவுக்குப் போய் இந்த மார்க்கு.

மார்ச் 9, வியாழன்

பூசாரி கிணறுகூட வரவில்லை. ரெட்டைக்கிணற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெசமாகவே உட்கார்ந்துவிட்டேன், களத்து மண்ணில்.

வையாபுரி தண்ணீர் கொண்டுவந்தான். கிண்டல் செய்யவில்லை. செய்திருக்கலாம்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. சாமிக்கு முன்னால பாதியில நிக்கக்கூடாது. கதையெல்லாம் நீங்களே சொல்லுங்க. அந்தக் கிணத்து அடியை மட்டும் நான் பாடிக்கறேன்."

அந்த அடி நான் கட்டியது. ஒவ்வொரு கிணற்றிலும் இறங்கிக் குளித்துக் கட்டியது. ஆமைக்கிணற்றில் ஆமையே இல்லை, நான்தான் ஒன்றைப் பிடித்து விட்டேன்.

"ரோசனை பண்ணிச் சொல்றேன்" என்று வந்துவிட்டேன்.

மார்ச் 10, வெள்ளி

தரணி சொல்கிறான்: "பதினாறாந் தேதி மில்லுக்குப் போகாதீங்க மாமா. புதன் லீவு, வியாழனும் பஞ்சுக்குள்ள நிக்காம இருங்க. அப்பறம் பாடிப் பாருங்க."

நோன்பிக்கு மில்லில் அரை நாள்தான் விடுகிறார்கள். பருத்தி வரத்து நேரம். காலையில் போய் மத்தியானம் திரும்பினால், பாதி நாள் தூசியே எனக்குப் போதும். முழு நாள் வேண்டுமென்றால் அர்ச்சுனனிடம் காரணம் சொல்ல வேண்டும்.

அதோடு, போகாமல் இருந்து பாடிவிட்டால், இவன் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். பாடாவிட்டால் கிணறு போய்விடும். எப்படிப் பார்த்தாலும் எனக்கு ஒன்று போகிறது.

பாவாத்தாள், "ரெண்டுல எது போனா ஊட்டுல கம்மியாப் பொலம்புவீங்களோ அதை உட்டுருங்க" என்றாள்.

மார்ச் 13, திங்கள்

அர்ச்சுனன் மிசின் பக்கத்தில் நின்றிருந்தார். போய் நின்றேன்.

"வியாழக்கெழமை முழு நாள் லீவு வேணுமுங்க."

"அதான் மத்தியானத்துக்கு மேல உடறமே."

"மத்தியானத்துக்குள்ள பஞ்சு நெஞ்சுக்குள்ள போயிருமுங்க. பாட முடியாது."

வாயிலிருந்து வந்துவிட்டது. மிசின் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். கேட்டுவிட்டது. வெளியே கூட்டிக்கொண்டு போனார். சரி, கேட்டுக்கு வெளியே அனுப்பப் போகிறார் என்று செருப்பைத் தேடினேன்.

"வியாழக்கெழமை வரது சந்தைச் சளிதானப்பா?"

"நானும் அப்படித்தான் நெனச்சிருந்தனுங்க. இப்ப சந்தைக்கே போறதில்லீங்க. ஆனாலும் வருது."

அவர் தாடையைச் சொறிந்தார். "நானும் ஜிலேபியை உட்டுப் பாத்தாச்சு" என்றார். பிறகு தன் குரல் தனக்கே பிடிக்காத மாதிரி, "போ, போ. சாமி காரியம்னு சொல்லிக்கறேன். மிசின் சும்மா ஓடுது பாரு" என்று விரட்டினார்.

மார்ச் 16, வியாழன்

காலையில் மில் சங்கு ஊதியது. போகவில்லை. கால் தானாக இரண்டு தடவை வாசலுக்குப் போய்த் திரும்பியது.

மஞ்சள் தண்ணீர் ஊற்றி ஊரே சந்தனக்கிண்ணம் மாதிரி இருந்தது. தரணிக்குப் போன வாரம் கட்டுப் பிரித்தார்கள். ஒரு கோலை ஊன்றி வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டான். பாவாத்தாள் பக்கத்தில். நஸ்ரினுக்குப் போனில் காட்டப் போவதாகச் சொன்னான்.

வையாபுரியிடம் சொன்னேன்: "நான் பாடறேன். நின்னுட்டா நீ எடுத்துக்கோ."

"சரிங்கண்ணா" என்று எனக்குப் பின்னால் ஒரு எட்டுத் தள்ளி நின்றான், கன்றுக்குட்டி தாண்டினால் பிடிக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு.

கதை போயிற்று. ஆட்டம் சூடேறியது. கிணற்று அடி வந்தது. மூச்சை இழுத்தேன். இழுக்க இழுக்க உள்ளே போயிற்று. ஊத்துக்கிணறு. ரெட்டைக்கிணறு. புளியமரத்துக் கிணற்றில் வையாபுரி வாயைத் திறந்தான், எடுத்துக்கொள்ளத் தயாராக. பூசாரி கிணறு. கல்லுக்கட்டு. ஆமைக்கிணற்றிலும் அவன் வாய் திறந்தேதான் இருந்தது. சக்கரைக் கிணறு என்று நான் முடிக்க, ஊரே கை தட்டித் திரும்ப, அவன் வாய்க்குள் மஞ்சள் தண்ணீர் போய் ஒரே இருமல்.

"சந்தைச் சளியா வையாபுரி?" என்றேன்.

இவ்வளவு நன்றாகப் பாடியது நினைவில்லை. இறங்கி வரும்போது தரணியின் முகத்தைப் பார்த்தேன். அவன் சிரித்தான், ஆனால் கை தட்டவில்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இந்த மூச்சு இவ்வளவு நாளும் என்னிடம்தான் இருந்திருக்கிறது. வியாழக்கிழமை தோறும் அதை மில்லில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 20, திங்கள்

தரணி வாடகைக் காரில் ஊருக்குக் கிளம்பினான். போகும்போது எருமை வழியில் நின்றது. இவன் இறங்கிக் கும்பிட்டான். விட்டுவிட்டது.

மார்ச் 23, வியாழன்

இன்று மில்லில் நடந்ததைத் தரணிக்குப் போனில் சொல்ல முடியவில்லை. ஏதோ மீட்டிங்காம். அதனால், டைரியே, உன்னிடம் சொல்கிறேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு எல்லோரும் மரத்தடியில் உட்கார்ந்தோம். வழக்கம்போல் கதை கேட்டார்கள். கதை வேண்டாம், ஒரு விளையாட்டு என்றேன். ஒவ்வொருவராகக் கிணற்று அடியை ஒரே மூச்சில் பாட வேண்டும். யார் எந்தக் கிணற்றில் நிற்கிறார்கள் என்று பார்ப்போம்.

சிரிப்பும் கூத்துமாகத்தான் தொடங்கியது. நான் முதலில் பாடினேன். பூசாரி கிணறு. அடுத்தவன் புளியமரத்துக் கிணறு. "நேத்து பஜ்ஜி அதிகம்" என்றான். அடுத்தவள், "எனக்கு சர்பத்" என்று பூசாரி கிணற்றில் நின்றாள். அதற்கடுத்தவன் நேற்று சந்தைக்கே போகவில்லை, மாமியார் வீட்டுக்குப் போயிருந்தான். அவனும் புளியமரத்தைத் தாண்டவில்லை. அவன் மாமியாரின் சோற்றைக் குறை சொல்ல வாயெடுத்து, அப்படியே நிறுத்திவிட்டான். வரிசை போகப் போகச் சிரிப்பு குறைந்தது. அத்தனை பேரில் ஒருவர்கூடக் கல்லுக்கட்டுக் கிணற்றுக்கு வந்து சேரவில்லை.

எப்போது வந்தாரோ தெரியாது, அர்ச்சுனன் பின்னால் நின்றிருந்தார். எல்லோரும் எழுந்தார்கள். "உக்காருங்க" என்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவரும் பாடினார். எங்கள் எல்லோரையும்விட அந்த மில்லில் பழைய ஆள் அவர்தான்.

ஊத்துக்கிணறு என்றார். அவ்வளவுதான்.

யாரும் கிண்டல் செய்யவில்லை. அவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு விசில் அடங்கும்வரை நின்றார். "மாரப்பா, உங்க மாப்ளை போன் நம்பர் குடு" என்றார்.

கொடுத்தேன்.

இந்தப் பக்கத்தில் புதன் என்று அச்சடித்திருந்தது. வழக்கம்போல் அதை அடித்து வியாழன் என்று எழுதித்தான் இதைத் தொடங்கினேன். இப்போது அதையும் அடித்துவிட்டேன். மேலே திங்கள் என்று எழுதியிருக்கிறேன். எங்கள் மில்லுக்குத் திங்கட்கிழமை இதுதான்.